எல்வுட் ரிஸ்னரின் இடப்பக்கக் குழாய்

எல்வுட் ரிஸ்னருக்குப் பிடிக்காதவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. ஆனால் நேரம் ஒதுக்கி, வேலை மெனக்கெட்டு, ஒரு நாள் விடாமல் அவர் வெறுத்தது ஒரே ஒருவரைத்தான். அந்த ஆள் ரோஸ்கோ கெல்லர். எல்வுட்டின் ஒரே தங்கை டோரீனின் புருஷன்.

எங்கள் பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார்கள். தெரிந்தவர், தெரியாதவர், வரி நோட்டீஸ் கொண்டு வருபவர், எல்லோருக்கும் அந்த ஒரு விரல் உண்டு. எல்வுட்டும் காட்டுவார். எதிரே வருவது ரோஸ்கோ என்றால் மட்டும் பத்து விரலும் ஸ்டியரிங்கை விட்டு அசையாது. பார்வை நேரே சாலையில் இருக்கும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால், "இப்ப போனது யாரு, தெரியலையே" என்று வேறு சொல்லிக்கொள்வார்.

அவருக்கு டவுன்ஷிப், அதாவது ஊராட்சி, சாலைகளைப் பராமரிக்கும் வேலை. கோடையில் மண் சாலையைச் சமன்படுத்துவார். குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரியை ஓட்டுவார். ஊரில் அத்தனை வாசலையும் பார்த்துப் பார்த்துத் தள்ளுகிறவர், ரோஸ்கோவின் கராஜ் முன்னால் வந்ததும் லாரியை ஒரு சாய்ப்புச் சாய்த்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு பனிக்கரை கட்டிவிட்டுப் போவார். டோரீன் போனில் கத்துவாள்.

"அண்ணே, வாசல்ல மலை மாதிரி குவிச்சிருக்கியே, வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?"

"பனிக்குக் கண்ணா இருக்கு, டோரீன்? விழுற எடத்துல விழுது."

"பனி விழுந்துச்சு. நீ குவிச்ச."

"சரி, அடுத்த தடவை அதுகிட்ட சொல்லிப் பாக்குறேன்."

இவ்வளவுக்கும் காரணம் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு ஸ்டிக்கர்.

எங்கள் மாநிலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைச் சோதனை செய்து, கண்ணாடி மூலையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஊரில் அதற்கு உரிமம் உள்ள கராஜ் ஒன்றே ஒன்றுதான், ரோஸ்கோவுடையது. 2003 நவம்பர் கடைசி சனிக்கிழமை எல்வுட் தன் பிக்கப்பைக் கொண்டுபோய் விட்டார். ஸ்டிக்கர் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்குகிறது. அந்தத் திங்கட்கிழமை என்றால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, பாதிக் கடை கிடையாது, கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். ரோஸ்கோ பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, இடப்பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டார். புகைக்குழாய் லீக் என்றார். லீக் இருந்தால் ஸ்டிக்கர் கிடையாது என்பது சட்டம். சட்டத்தில் மச்சானுக்கு என்று தனிப் பத்தி இல்லை.

"திங்கக்கிழமை என் வண்டியில வந்துடு மச்சான், எடம் இருக்கு," என்றும் சொன்னார்.

எல்வுட் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, மலையிலிருந்து வந்த துப்பாக்கிச் சத்தங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அன்று காலை ஏழே முக்காலுக்கு, எல்வுட் இருபது வருஷமாக உட்காருகிற அதே ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, ரோஸ்கோ எட்டுக் கிளைக் கொம்புள்ள ஒரு மானைச் சுட்டார். அந்தத் தலையைப் பாடம் செய்து கராஜில் காபி மெஷினுக்கு மேலே மாட்டினார். ஸ்டிக்கருக்கு வருகிற ஒவ்வொருவரும் காபி ஊற்றும்போது அதை அண்ணாந்து பார்த்தாக வேண்டும். கேட்டால் கதையும் உண்டு. கேட்காவிட்டாலும் உண்டு.

அதற்குப் பிறகு எல்வுட் அந்தக் கராஜில் கால் வைக்கவில்லை. வருஷா வருஷம் ஒரு நாள் லீவு போட்டு, இருபத்திரண்டு மைல் தள்ளிப் பக்கத்துக் கவுன்டிக்குப் போய் ஸ்டிக்கர் வாங்கி வந்தார்.

மனைவி ஆர்லீன் மூன்று வருஷம் இதைப் பார்த்தாள். காலையில் ரோஸ்கோ, சாப்பாட்டில் ரோஸ்கோ, படுக்கும்போது ரோஸ்கோ. "உனக்குப் பொண்டாட்டி வேணாம் எல்வுட். காது குடுக்க ஒரு ஆள்தான் வேணும்," என்று சொல்லிவிட்டு ஈரி நகரத்தில் இருந்த அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். அவளைக் கல்யாணம் முடித்துக் கூட்டி வந்ததும் அந்தப் பிக்கப்பில்தான், பஸ் ஏற்றிவிடப் போனதும் அதே பிக்கப்பில்தான். வழி முழுக்க எல்வுட், ரோஸ்கோவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்.

விவகாரம் பந்தயமாக முற்றியது 2012 மார்ச்சில். தீயணைப்பு மண்டபத்தில் வழக்கமான பான்கேக் காலை விருந்து. கோதுமை வாசனையும் சாஸேஜ் புகையும் கலந்து மண்டபம் முழுக்க நின்றது. ரோஸ்கோ புதிதாக வந்திருந்த பாதிரியாரைப் பிடித்து உட்காரவைத்து மான் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மேஜையில் எல்வுட் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நம்ம மச்சான் மட்டும் வந்திருந்தா இது அவருக்கு விழுந்திருக்கும், ஃபாதர். என்ன பண்றது, வண்டி பாஸ் ஆகல."

எல்வுட் முள்கரண்டியைத் தட்டில் போட்டார். "வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. நீதான் பாஸ் பண்ணல."

"குழாய் லீக் ஆச்சு, எல்வுட்."

"ஆகல."

"என் காதால கேட்டேன்யா. டிக் டிக்குன்னு."

"உன் காதுல ஏதாவது பூச்சி பூந்திருக்கும்."

பாதிரியார் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் காபியைப் பார்த்தார். எல்வுட் எழுந்து நின்றார். எட்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்த பேச்சு அது, தடையில்லாமல் வந்தது.

"ஜூலைத் திருவிழால இழுவைப் போட்டி இருக்குல்ல? பழைய பிக்கப் பிரிவுல நீயும் வா, நானும் வரேன். நான் ஜெயிச்சா நீ மைக்கைப் புடிச்சு ஊருக்கே சொல்லணும். எல்வுட்டோட குழாய் அன்னைக்கு லீக் ஆகல, நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு. வேற ஒண்ணும் வேணாம்."

"நீ தோத்தா?"

"சாவிய எடுத்துக்க."

அடுப்படியில் இருந்த தீயணைப்புத் தலைவர் கிளைட், பான்கேக்கைத் திருப்ப மறந்து கருக விட்டார். அந்தப் பிக்கப் 1974 மாடல். எல்வுட் இருபத்து நாலு வயதில் வாங்கியது. அவருக்குப் பிள்ளை கிடையாது, ஆர்லீனும் இல்லை. ஊரில் அவரைச் சட்டையை வைத்து அடையாளம் சொல்கிறவர்கள் இல்லை, வண்டியை வைத்துத்தான் சொல்வார்கள்.

"சரி," என்றார் ரோஸ்கோ. "சாட்சிக்கு ஃபாதர் இருக்காரு."

போட்டிக்கு வண்டியின் பலம் போதாது என்று எல்வுட்டுக்குத் தெரியும். அதனால் ஹெட்டர் குழாய் மாட்டுவதென்று முடிவெடுத்தார். கம்பெனியில் போட்டுக் கொடுக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு என்ற புகைக்குழாயில், பக்கத்துக்கு நாலு சிலிண்டரின் புகையும் ஒரே குறுகிய வாயில் முண்டியடித்து வெளியேற வேண்டும். ஹெட்டரில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நீளக் குழாய், கடைசியில்தான் சேரும். இன்ஜின் மூச்சு விட்டு ஓடும். ஏப்ரல் கடைசியில் பெட்டி தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்தார். எட்டுக் குழாயும் குரோம் பூச்சில் முகம் தெரியப் பளபளத்தன. கூடவே ஒரு தாளில் குறிப்புகள். அதையும் மூன்று தடவை படித்தார்.

பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. முப்பத்தெட்டு வருஷத் துரு. ஒரு வாரம் காலையும் மாலையும் துரு எண்ணெய் அடித்து ஊறவைத்தார். தன் வீட்டுக் கராஜில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரோஸ்கோ என்று பெயர் வைத்துத் திருகினார். பதினாலு ரோஸ்கோக்கள் முனகிக்கொண்டே வந்தார்கள். இரண்டு ரோஸ்கோக்கள் தலை உடைந்து உள்ளேயே தங்கிவிட்டார்கள். அவர்களை டிரில் போட்டுத் துளைத்து எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கண்ணுக்குள் துருத்தூள், முழங்கையில் தோல் இல்லை, முதுகை நிமிர்த்த முடியவில்லை. ஐம்பத்தொன்பது வயதில் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வரக்கூடியவர்களோடும் அவர் ஏற்கெனவே சண்டை போட்டிருந்தார்.

இடப்பக்க மேனிஃபோல்டு மே மாதம் ஒரு மாலை கையோடு வந்தது. அதை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது வாய்க்கும் மூன்றாவது வாய்க்கும் நடுவில் ஒரு விரிசல். விரலின் நீளம் இருக்கும். விரிசலின் உள்விளிம்பு இரண்டும் கறுத்து, கரி கல்லாக இறுகிப் போயிருந்தது. ஒரு வருஷத்தில் இரண்டு வருஷத்தில் படிகிற கரியல்ல அது.

எல்வுட்டுக்கு அது புதுச் செய்தி இல்லை. 2003 அக்டோபரிலேயே, கராஜுக்குக் கொண்டுபோவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, மேடு ஏறும்போது இடப்பக்கம் டிக் டிக் என்று அவர் காதில் விழுந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் நிலக்கரி வெட்டிய பழைய பள்ளம் ஒன்று தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. மேனிஃபோல்டைத் தூக்கிப்போய் அதில் எறிந்தார். குமிழி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை முதல் தடவை ஸ்டார்ட் செய்தார். அதற்கு முன்னால் எட்டுக் குழாயையும் ஸ்பிரிட் போட்டு அங்குலம் அங்குலமாகத் துடைத்தார். கைரேகை இருந்தால் முதல் சூட்டில் வெந்து குரோமில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிறகு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினார். கொஞ்சம் புகைந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. அடித்தொண்டையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடியும், அலமாரியில் இருந்த டப்பாக்களும், எல்வுட்டின் மார்பும் ஒன்றாக அதிர்ந்தன. அன்று எல்வுட் சந்தோஷமாக இருந்தார். அவரைப் பற்றி இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைப்பது அபூர்வம், அதனால் சொல்லி வைக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தார், தனியாக.

இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் சூட்டுக்குப் பிறகு ஹெட்டர் போல்ட் கொஞ்சம் தளரும். நன்றாக ஆறியதும் ஒவ்வொன்றையும் மறுபடி முறுக்க வேண்டும். பிறகு நாலைந்து நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை. குறிப்புத் தாளில் அதுதான் முதல் வரி. எல்வுட்டுக்குத் தாள் தேவையும் இல்லை. குழாய் ஆறட்டும் என்றுதான் காத்திருந்தார்.

அப்போதுதான் டோரீனின் கார் வந்து நின்றது. கையில் மூடி போட்ட பாத்திரம். அவளுக்குப் பின்னாலேயே, இந்த வாசலில் எட்டு வருஷத்தில் முதல் தடவையாக, ரோஸ்கோ இறங்கினார்.

"ஹலுஷ்கி கொண்டாந்தேன் அண்ணே. நூடுல்ஸைவிட முட்டைக்கோஸ் நெறையப் போட்டிருக்கேன், உனக்குப் புடிக்குமேன்னு," என்றாள் டோரீன். "ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் மனுஷங்களா இருங்க, போதும்."

ரோஸ்கோ கராஜுக்குள் வரவில்லை. வாசலோடு நின்று பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் இந்தத் தொழிலிலேயே முடி நரைத்தவர். பளபளப்பைப் பார்த்ததும் அவரை அறியாமல் புருவம் ஏறியது. எல்வுட் அதைப் பார்த்துவிட்டார். அந்த ஒரு நொடிக்காகவே ஆறு வாரம் மல்லாந்து கிடக்கலாம் என்று தோன்றியது.

"நல்லாத்தான் மாட்டியிருக்க," என்றார் ரோஸ்கோ. "பழசு எங்க?"

"எடைக்குப் போட்டாச்சு."

"ரெண்டுமா?"

"உனக்கு எதுக்கு? அதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டப் போறியா?"

டோரீன் பாத்திரத்தை மேஜையில் ணங்கென்று வைத்தாள். ரோஸ்கோ தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பினார். இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். அவர் நல்ல மனசோடு சொன்னாரா, தன் மேதாவித்தனத்தைக் காட்டச் சொன்னாரா என்பது ஊரில் இன்றைக்கும் பேச்சு. நான் இரண்டும் என்பேன்.

"மச்சான், ஆறினதும் போல்ட்டெல்லாம் இன்னொரு தடவை முறுக்கிடு. மறந்துடாத. முறுக்கலேன்னா லூஸாயிடும்."

எல்வுட்டின் கையில் ஸ்பேனர் இருந்தது. அதைத்தான் செய்ய உட்கார்ந்திருந்தார். காது மடல்வரை அவருக்கு ரத்தம் ஏறியது. இனி முறுக்கினால் அது ரோஸ்கோ சொல்லி முறுக்கியது ஆகிவிடும். எழுந்துபோய் ஸ்பேனரை அலமாரியில் அதன் ஆணியில் மாட்டினார்.

"நாப்பது வருஷமா போல்ட் முறுக்குறேன். பாடம் எடுக்கணும்னா உன் கராஜுல போயி எடு."

"நான் சொல்லிட்டேன்."

"நானும் கேட்டுட்டேன். கெளம்பு."

கார் போனது. குழாய் ஆறியது. எல்வுட் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். கை ஒரு தடவை அலமாரிப் பக்கம் போயிற்று, பாதியில் திரும்பி வந்தது. பிறகு உள்ளே போய் ஹலுஷ்கியைச் சூடுகூடப் பண்ணாமல் முழுசாகத் தின்று முடித்தார்.

மூன்று வாரம் ஓட்டினார். முதல் வாரம் சத்தம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது வாரம், கல்லறைத் தோட்டத்து மேட்டில் ஏறும்போது, இடப்பக்கம் ஏதோ லேசாகக் கேட்டது போலிருந்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

திருவிழா மைதானத்தில் அந்த வருஷம் நல்ல கூட்டம். வறுத்த மாவு வாசனையும் டீசல் வாசனையுமாக இருந்தது. பெஞ்சுகளில் மூன்று டவுன்ஷிப் உட்கார்ந்திருந்தது. பந்தய விஷயம் தெரியாத ஆள் அங்கே கைக்குழந்தைகள்தான். பாதிரியார் முதல் வரிசையில் இருந்தார், சாட்சி ஆயிற்றே. கிளைட் மைக்கைப் பிடித்துக்கொண்டு தாங்க முடியாத உற்சாகத்தில் இருந்தார்.

இழுவை என்றால் பின்னால் ஒரு எடைப்பெட்டியைச் சங்கிலியில் மாட்டிவிடுவார்கள். வண்டி முன்னால் போகப் போக எடை நகர்ந்து முன்னே வந்து மண்ணில் அழுத்தும். யார் அதிக தூரம் போகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. ரோஸ்கோ முதலில் இழுத்தார். மூக்கைத் தூக்கிக்கொண்டு மண்ணை வாரி இறைத்தபடி அவர் வண்டி இருநூற்று நாற்பத்தோரு அடி போய் நின்றது. பெஞ்சுகளில் கைதட்டல் எழுந்தது. டோரீன் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்வுட்டுக்கு முன்னால் இன்னும் மூன்று வண்டிகள் இருந்தன. வரிசையில் நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டார். ரேடியோ போடவில்லை, போட்டாலும் அந்த இடத்தில் பிரயோஜனம் இருந்திருக்காது. டிக் டிக் என்று தெளிவாகக் கேட்டது. இறங்கிப் பானெட்டைத் திறந்தார். ஸ்பேனர் பின்பாக்கெட்டில் இருந்தது. சூடாகவே இருந்தாலும் ஒரு அரைச்சுற்று போதும், ஐந்து நிமிஷ வேலை. நிமிர்ந்து பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு ரோஸ்கோ அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்வுட் பானெட்டைச் சாத்தினார்.

பச்சைக் கொடி விழுந்தது. முதல் நூறு அடி வண்டி பறந்தது என்றே சொல்லலாம். நூற்றைம்பதில் ரோஸ்கோவின் வேகத்தைத் தாண்டியிருந்தது. எல்வுட் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மைக்கில் ரோஸ்கோவின் குரல் அந்த வாக்கியத்தைச் சொல்வது அவருக்கு இப்போதே கேட்டது. இருநூறில் டிக் டிக் என்பது பட் பட் என்று மாறியது. தளர்ந்த இடத்திலிருந்து பீய்ச்சிய நெருப்புக் காற்று பக்கத்திலிருந்த பிளக் ஒயரைச் சுட்டுத் தின்றது. ஒரு சிலிண்டர் செத்தது. எட்டில் ஒன்று போனால் இன்ஜின் நொண்டும். வண்டி குலுங்கியது, குலுங்கிக்கொண்டே இழுத்தது, பின்சக்கரங்கள் அதே இடத்தில் குழி தோண்டின.

"இருநூத்து முப்பத்தாறு!" என்றார் கிளைட்.

ஐந்து அடி. எல்வுட் இறங்கி, சாவியை வளையத்திலிருந்து கழற்றினார். வீட்டுச் சாவியும் கராஜ் சாவியும் வளையத்தில் தங்கின. கூட்டம் வழிவிட்டது. ரோஸ்கோ சாவியை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எல்வுட் அடித்திருப்பார்.

ரோஸ்கோ நேரே வண்டியிடம் போய்ப் பானெட்டைத் தூக்கினார். பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, இடப்பக்கம் இரண்டாவது குழாயின் போல்ட்டைத் தொட்டார். அது ஸ்பேனர் இல்லாமல் விரலுக்கே சுற்றியது. கருகிய ஒயரைப் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. நல்ல சாமானை ஒருவன் பாழாக்கிவிட்டான் என்ற எரிச்சல்தான் இருந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்றார். "ஏன்யா, அன்னைக்கே உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்ன," என்றார் எல்வுட். "அதனாலதான் செய்யல."

அவர் வீட்டுக்கு நாலு மைல் நடந்தே போனார். டோரீன் காரை ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஒரு மைல் வந்தாள். அவர் ஏறவில்லை.

ரோஸ்கோ வண்டியைச் சரிசெய்தார். ஒயரை மாற்றி, கேஸ்கட் மாற்றி, போல்ட்டை முறுக்கி, ஓட்டி, ஆறவைத்து, மறுபடி முறுக்கினார். விற்கவில்லை, ஓட்டவும் இல்லை. சாலையைப் பார்த்தாற்போல் கராஜ் முன்னால் நிறுத்திவைத்தார். சாவியை உள்ளே மான்கொம்பில் மாட்டினார். ஆண்டுதோறும் புது ஸ்டிக்கர் ஒட்டினார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்தார். டோரீன் மூலம் ஒரு தகவலும் அனுப்பினார்.

"அண்ணே, அவரு சாவியக் குடுத்துடுறேங்கிறாரு. மைக்கெல்லாம் வேணாமாம். ஊருக்குச் சொல்ல வேணாமாம். நீ கராஜுக்கு வந்து, அன்னைக்குக் குழாய் லீக் ஆச்சுன்னு அவருகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதுமாம்."

"அவன் ஆயுசுல அதை என் வாயால கேக்க மாட்டான்."

"ஆனா லீக் ஆச்சுதானே?"

எல்வுட் அவளுக்குக் காபி ஊற்றினார். அந்தக் குளிர்காலம் பனிக்கரை தோளுயரத்துக்கு வந்தது.

2014 டிசம்பரில், வேட்டை தொடங்கும் திங்கட்கிழமை காலை. எல்வுட் ஒரு பழைய கார் வாங்கியிருந்தார், அது பனியில் மேடு ஏறாது. ஆரஞ்சுச் சட்டையும் தோளில் துப்பாக்கியுமாக மலைக்கு நடந்தே போய்க்கொண்டிருந்தார். வழி ரோஸ்கோவின் கராஜைத் தாண்டித்தான் போகிறது. ரோஸ்கோ முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மலை ஏறுவதில்லை. அன்று வாராந்தர ஸ்டார்ட்டுக்காகப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை இறக்கிவிட்டு.

இன்ஜின் பிடித்தது. அடித்தொண்டையிலிருந்து எழும் அதே சத்தம் சாலைக்கு வந்து எல்வுட்டின் மார்பில் மோதியது. அவர் நின்றுவிட்டார். நிற்க வேண்டுமென்று நினைக்கவில்லை, கால் நின்றுவிட்டது. தலையைச் சாய்த்து இடப்பக்கம் கேட்டார். ஒரு டிக் கூட இல்லை. தான் வாங்கி, தான் தோல் உரிய மாட்டிய குழாய், எப்படிப் பாட வேண்டுமென்று நினைத்தாரோ அப்படிப் பாடியது. கண்ணாடி மூலையில் அந்த வருஷத்து ஸ்டிக்கர் நேராக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தது. எல்வுட்டுக்குள் எழுந்தது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை.

ரோஸ்கோ ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். அந்த இரைச்சல் உச்சத்தில் இருந்த நேரம் பார்த்து எல்வுட் சொன்னார்.

"அன்னைக்கு லீக் ஆச்சு."

பதினோரு வருஷம். வாய் அசைந்ததை ரோஸ்கோ பார்த்துவிட்டார். சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்தார். ஜன்னல் வழியே தலையை நீட்டினார். மலை முழுக்க அமைதி.

"என்ன சொன்ன மச்சான்?"

அவர் முகத்தில் கிண்டல் இல்லை. சொல்லிவிட்டால் இறங்கி வந்து சாவியைக் கையில் வைத்துவிடுவார் என்பது தெரிந்தது. எல்வுட் துப்பாக்கி வாரைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"ஒண்ணுமில்ல. சத்தம் ஜாஸ்தியா இருக்குன்னேன்."

சொல்லிவிட்டு ஓக் மரத்தைப் பார்த்து மேட்டில் ஏறத் தொடங்கினார்.